நிழலும் மெய்யும்: சொஜேர்னர் ட்ரூத் அம்மையாரின் உருவப்படம் குறித்து

எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் எதிர்நோக்கும் முதலாவது இடர்ப்பாடு சான்றுகள் பற்றியதாகும். அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியன உள. அவர்கள் தாமே எழுதியன இல. ஆண்டைகளின் கணக்கேடுகள், நீதிமன்றப் பதிவுகள், சமய போதகர்களின் குறிப்புகள், அனுதாபிகளின் கட்டுரைகள் ஆகியவற்றினூடாகவே அவர்களின் குரல் நம்மை வந்தடைகின்றது. வந்தடைவது அவர்களின் குரல்தானா என்ற வினா எப்பொழுதும் எஞ்சி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐக்கிய அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காகவும் பெண் உரிமைக்காகவும் ஊரூராகச் சென்று பேசிய சொஜேர்னர் ட்ரூத் அம்மையார் விடயத்தில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது. அவருக்கு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. எனினும் அவர் தாமே திட்டமிட்டு, தம் பெயரிலேயே உரிமை பதிந்து, தாமே விற்ற ஆவணம் ஒன்று உண்டு. அது அவருடைய புகைப்படம்.

படத்தை முதலிற் பார்ப்போம். 1864ஆம் ஆண்டுக்குரிய படங்களில் மிகப் பரவலாக அறியப்பட்டதில், முதிய பெண்ணொருவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கின்றார். கருநிற உடை, தோள்களைச் சுற்றிய வெண்ணிறப் போர்வை, தலையில் வெண்ணிறத் தொப்பி, கண்களில் மூக்குக்கண்ணாடி. கையிலே பின்னல் வேலை. அதிலிருந்து நூல் ஆடையின் மீது இறங்கி ஓடுகின்றது. பக்கத்து மேசையில் மலர்களும் ஒரு புத்தகமும். முகத்திற் சிரிப்பு இல்லை, கெஞ்சலும் இல்லை. படத்தின் கீழே அச்சிடப்பட்ட ஒரு வரி, தம் மெய்யைத் தாங்கும் பொருட்டு நிழலை விற்பதாக அவர் கூற்றாகவே அறிவிக்கின்றது. அதனருகே அவர் பெயர். அட்டையின் பின்புறத்தில், அவ்வாண்டிற் காங்கிரசுச் சட்டத்தின்படி மிச்சிகன் கிழக்கு மாவட்ட நீதிமன்ற எழுதுவினைஞர் அலுவலகத்தில் அப்படம் சொஜேர்னர் ட்ரூத் பெயரிற் பதியப்பட்டது என்ற குறிப்பு.

இவ்வளவே. ஏறத்தாழ இரண்டரை அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் கொண்ட சிறிய அட்டை. ஆனால் இதனைச் சரிவர வாசிப்பதற்கு அவருடைய வாழ்வின் சில செய்திகளேனும் தெரிந்திருத்தல் வேண்டும்.

1797ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலத்து அல்ஸ்ரர் மாவட்டத்தில் இசபெல்லா என்ற பெயருடன் அடிமையாகப் பிறந்தவர் அவர். அடிமை முறை என்றதும் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களையே எண்ணிப் பழகிய நமக்கு இது சற்று வியப்பளிக்கலாம். ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பண்ணைகளிலும் அடிமைகள் இருந்தனர். அப்பண்ணைச் சொந்தக்காரர் பலர் ஒல்லாந்தர் வழிவந்தோர். நம் நாட்டுக் கரையோரங்களிற் கோட்டை கட்டி ஆண்டவர்களின் இனத்தவரே அங்கும் குடியேறியிருந்தனர். ஆதலால் இசபெல்லாவின் முதன்மொழி ஒல்லாந்து மொழியாயிற்று. ஏறத்தாழ ஒன்பதாவது வயதில் அவர் ஏலத்தில் விற்கப்பட்டார். ஓர் ஆட்டு மந்தையையும் அவரையும் சேர்த்து விலை 100 டொலர். வாங்கியவர் வீட்டில் ஆங்கிலமே வழங்கியது. ஏவியது புரியாமையால் அச்சிறுமி அடிபட்டாள். முதுகில் விழுந்த தழும்புகள் ஆயுள் முழுவதும் மறையவில்லை. மேலும் கைமாறி 1810இல் யோன் டுமொன்ற் என்பவரிடம் சேர்ந்தார்.

நியூயோர்க் மாநிலத்தில் எஞ்சியிருந்த அடிமைகளுக்கு 1827 யூலை 4ஆம் திகதி விடுதலை என்று சட்டம் விதித்திருந்தது. ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாக வாக்களித்த டுமொன்ற், அவருடைய கை நோயுற்று வேலை குறைந்தது என்ற காரணம் காட்டி வாக்கை மீறினார். 1826இன் இறுதியிற் கைக்குழந்தையுடன் இசபெல்லா அங்கிருந்து நடந்து வெளியேறினார். ஓடவில்லை, நடந்தே சென்றதாகப் பின்னாளில் அவர் வற்புறுத்திக் கூறியதாக அறிகிறோம். அவ்வேறுபாடு அவருக்கு முக்கியமானதாயிருந்திருக்க வேண்டும். சட்டத்துக்கு மாறாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகன் பீற்றரை மீட்க வழக்குத் தொடுத்து 1828இல் வெற்றியும் பெற்றார். வெள்ளையர் ஒருவருக்கெதிராக ஒரு கறுப்பினப் பெண் நீதிமன்றம் ஏறி வென்ற மிக ஆரம்ப நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. நீதிமன்றப் பதிவேடு என்றால் என்ன, அதில் ஒரு பெயர் ஏறுவதன் பலன் என்ன என்பதை எழுத்தறியாத அப்பெண் அன்றே கற்றுக்கொண்டார் எனக் கருத இடமுண்டு. படத்தின் பின்புறக் குறிப்பை நோக்கும்போது இது மனங்கொள்ளத்தக்கது.

1843 யூன் 1ஆம் திகதி அவர் தம் பெயரை மாற்றிக்கொண்டார். ஓரிடத்திற் சிறிது காலம் தங்கிச் செல்பவர் என்பது முதற்சொல்லின் பொருள்; மெய் என்பது இரண்டாவதன் பொருள். ஆண்டைகள் இட்ட பெயரைக் களைந்து தாமே பெயர் சூடியமை, பின்னாளிற் படம் தொடர்பாக அவர் செய்தவற்றுக்கு முன்னோடியாகும். மசசூசெற்ஸ் மாநிலத்து நோர்தாம்ரனில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் வாழ்ந்தபோது அடிமை ஒழிப்பாளர்களுடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. ஒலிவ் கில்பேர்ட் என்ற வெள்ளையினப் பெண்மணியிடம் அவர் வாய்மொழியாகக் கூறிய வாழ்க்கை வரலாறு 1850இல் நூலாயிற்று. கூட்டங்களில் அதனை 25 சதத்துக்கு விற்றே தம் வீட்டுக் கடன் 300 டொலரையும் 1854ஆம் ஆண்டளவில் தீர்த்தார். ஆயினும் அந்நூல் கில்பேர்ட்டின் நடையிலமைந்தது. ட்ரூத் அதிற் படர்க்கையிலேயே பேசப்படுகின்றார்.

இனி, முற்போக்கு வாசகர்களுக்குச் சற்றுக் கசப்பான ஒரு விடயத்துக்கு வருவோம். நம்மிற் பலர் ட்ரூத்தை அறிந்தது, தாமும் ஒரு பெண்ணில்லையா என்று அவர் மீண்டும் மீண்டும் வினவுவதாக அமைந்த சொற்பொழிவின் வாயிலாகவே. 1851 மேயில் ஒகாயோ மாநிலத்து அக்றன் நகரிற் கூடிய பெண் உரிமை மாநாட்டில் அவர் பேசியது உண்மை. அப்பேச்சு அடுத்த மாதமே மாறியஸ் றொபின்சன் என்பவரால் அடிமை ஒழிப்புப் பத்திரிகை ஒன்றில் வெளியிடப்பட்டது. அதிற் குறித்த வினா இல்லை. ஆணுக்கு நிகராக உழுதமை, அறுவடை செய்தமை, உண்டமை பற்றிய நேரடியான, நகைச்சுவை கலந்த வாதங்களே உள. அவ்வினாவைப் பல்லவிபோற் கொண்ட வடிவம் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863 ஏப்பிரலில், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் டானா கேஜ் அம்மையாரால் நினைவிலிருந்து எழுதப்பட்டது. அதில் ட்ரூத் தென்மாநில அடிமைகளின் கொச்சையிற் பேசுகின்றார். தென்மாநிலத்தில் ஒருபோதும் அடிமையாக வாழாத, ஒல்லாந்து மொழி பேசி வளர்ந்த ஒருவருக்கு அக்கொச்சை எங்கிருந்து வந்தது? ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர் அதிற் பதின்மூன்று பிள்ளைகளின் தாயாகி விடுகின்றார்.

1863 ஏப்பிரல் இன்னொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. அதே மாதத்தில் நாவலாசிரியை ஹரியற் பீச்சர் ஸ்ரோ, ட்ரூத்தை லிபியத் தீர்க்கதரிசினியாகச் சித்திரிக்கும் கட்டுரையொன்றை 'அற்லான்ரிக் மந்த்லி' சஞ்சிகையில் வெளியிட்டார். அக்கட்டுரையில் ட்ரூத் ஆபிரிக்க மர்மத்தின் உருவமாகின்றார். சிற்பி ஒருவரின் பளிங்குச் சிலைக்குத் தூண்டுகோலாகின்றார். யாவற்றுக்கும் மேலாக, உலகைவிட்டுப் போய்விட்டவராகவும் பேசப்படுகின்றார். உண்மையில் அவர் மிச்சிகன் மாநிலத்துப் பற்றில் கிறீக் நகரில் உயிரோடிருந்தார். அதன் பின்னும் இருபதாண்டு வாழ்ந்து 1883 நவம்பர் 26ஆம் திகதியே காலமானார். ஸ்ரோ எழுதியது முற்றிலும் சரியன்று என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவித்து அனுப்பினார். ஆயினும் ஒரு கடிதம் புகழ்பெற்ற நாவலாசிரியையின் கட்டுரையை வெல்ல முடியுமா?

அவருடைய புகைப்படத் தொழில் தொடங்கியதும் அதே ஆண்டிலேயாம். இரு எழுத்தாளர்களுக்கு மறுப்பாகவே அவர் படம் பிடிப்பித்தார் என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. நோயுற்றிருந்தார், பணம் தேவைப்பட்டது. ஆனால் இரு செயல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தவிர்க்க முடியாதது. ஒருபுறம், நன்னோக்குக் கொண்ட இரு பெண்கள் தம் எழுத்தால் அவரைக் கொச்சை பேசும் தாயாகவும் பளிங்குச் சிலையாகவும் ஆக்குகின்றனர். மறுபுறம், எழுத்தறியாத அப்பெண் கண்ணாடியணிந்து, பின்னல் பின்னிக்கொண்டு, கமெராவை நேராக நோக்குகின்றார்.

அக்காலப் படத்தொழிலின் இயல்பையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 1854இல் பாரிசில் டிஸ்டெரி என்பவர் காப்புரிமை பெற்ற 'கார்ட் டி விசிட்' என்ற சிற்றட்டைப் படம், ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்களை எடுத்து, முட்டை வெண்கரு பூசிய தாளிற் பதித்து, அட்டையில் ஒட்டி விற்கப்படுவது. விலை மலிவு, எத்தனை பிரதியும் எடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், தொகுப்பேடுகளிற் செருகி வைக்கலாம். அரச குடும்பத்தினரின் படமும் நடிகையரின் படமும் படைத்தளபதிகளின் படமும் ஆயிரக்கணக்கில் விலைப்பட்டன. உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1864 செத்தெம்பரிலிருந்து 1866 ஓகஸ்ற் வரை புகைப்படங்களுக்கு முத்திரை வரியும் விதிக்கப்பட்டது. ஆகவே அவ்வாண்டுகளில் விற்கப்பட்ட ட்ரூத்தின் படத்துக்கும் அடிமைமுறைக்கெதிரான போருக்குரிய வரி செலுத்த வேண்டியிருந்தது!

அடிமைகளின் உருவங்கள் அதற்கு முன்பும் படம்பிடிக்கப்பட்டிருந்தன. 1850இல் விஞ்ஞானி லூயி அகாசிஸ் தம் இனக்கோட்பாட்டுக்குச் சான்று தேடி, தென் கரோலைனாவின் கொலம்பியா நகரில் றென்ரி, டீலியா முதலிய அடிமைகளை ஆடை களைந்து படம்பிடிப்பித்தார். அத்தகடுகள் 1976இல் ஹாவேட் நூதனசாலை ஒன்றின் மேல்மாடத்திற் கண்டெடுக்கப்பட்டன. 1863இலே லூசியானாவில் எடுக்கப்பட்ட, கோர்டன் என்று அறியப்படும் அடிமையின் படமோ வேறு நோக்குடையது. அடிமை ஒழிப்பாளர்களே அதனைப் பரப்பினர். ஆனால் அங்கும் நாம் காண்பது சவுக்கடியால் உழப்பட்ட ஒரு முதுகையே. பார்ப்பவரின் இரக்கத்துக்கு முதுகு போதுமானதாயிருந்தது.

இசபெல்லாவின் முதுகிலும் தழும்புகள் இருந்தன என்பதை முன்னர்க் குறிப்பிட்டோம். அவற்றைக் காட்டும் படம் எதுவும் இல்லை. 1858இல் இந்தியானா மாநிலத்துச் சில்வர் லேக் என்ற ஊரில், பேசுபவர் ஆண் என்று எதிரிகள் கூச்சலிட்டு, மார்பைக் காட்டும்படி கேட்டனர். அவர் சபையின் முன் காட்டினார்; வெட்கம் தமதன்று, கேட்டவர்களது என்றும் உணர்த்தினார். உடலைச் சான்றாகக் கேட்ட சமூகத்துக்கு ஒருமுறை உடலையே காட்டி வெட்கப்பட வைத்தவர், கமெராவின் முன் போர்வையாற் போர்த்திக்கொண்டு அமர்ந்தமை தற்செயலன்று என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

1996இல் விரிவான வரலாறு எழுதிய நெல் பெயின்ரர், இப்படங்களில் ட்ரூத் கண்ணியமான நடுத்தர வர்க்கப் பெண்மணியாகத் தம்மை அமைத்துக்கொண்டார் என்பார். நம் முற்போக்கு விமரிசகர் சிலர் இதனையே குற்றச்சாட்டாகத் திருப்பக்கூடும்: வயலில் உழுத கையில் வரவேற்பறைப் பின்னல் எதற்கு? பூச்சாடியும் புத்தகமும் முதலாளித்துவ வீட்டுப் பண்பாட்டின் அடையாளங்களல்லவா? இக்குற்றச்சாட்டு முற்றிலும் தவறன்று. வாசிக்கத் தெரியாதவர் பக்கத்திற் புத்தகம் படப்பிடிப்பு நிலையத்து அலங்காரப் பொருளே. ஆனால் அடிமையாக இருந்த ஒரு பெண்ணுக்கு வீடு, போர்வை, அமர்ந்திருக்கும் உரிமை, தனக்காகவே செய்யும் கைவேலை ஆகியன எவ்வகைப் பொருள் தந்தன என்பதை, அவற்றைப் பிறப்புரிமையாகப் பெற்றவர்களின் அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. மேலும் பின்னல் வெறும் அலங்காரமன்று. போரின் இறுதியாண்டுகளில் அவர் வாசிங்ரன் அருகே ஆர்லிங்ரனில் விடுதலை பெற்றோர் குடியிருப்பிற் பணியாற்றினார். அங்கு பெண்களுக்கு வீட்டுத் தொழில்களைக் கற்பித்தார். அவர் கையில் அது தொழிலாகவும் இருந்தது.

மேலும் முக்கியமானது உடைமைப் பிரச்சினை. பொதுவாகப் படத்தின் உரிமையும் பெயரும் படப்பிடிப்பாளரைச் சேர்வதே வழக்கம். ட்ரூத்தோ தம் பெயரிற் பதிந்தார். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படங்களை வெளிப்படையாக உள்ளடக்கியது 1865 மார்ச்சிலேதான். அவருடைய பதிவு அதற்கு முந்தியது. இப்படங்கள் பற்றி 2015இல் தனிநூல் வெளியிட்ட டார்சி கிறிக்ஸ்பி இவ்வுண்மையைத் தக்கவாறு முதன்மைப்படுத்தியுள்ளார். அவர் சுட்டும் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது: 1862 முதல் அரசு பொன்னீடற்ற காகித நாணயங்களை வெளியிட்டபோது, நிழலா மெய்யா என்ற சொல்லாட்சி நாணயம் பற்றிய வாதங்களிலும் புழங்கிற்று. படத்தொழிலாளரும் மெய் மறையுமுன் நிழலைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாறு விளம்பரம் செய்து வந்தனர். ட்ரூத் அச்சந்தை வாசகத்தை எடுத்துத் தலைகீழாக்கினார். விளம்பரத்தில் நிழல், அழியும் உடலின் நினைவுச்சின்னம்; அவர் வரியிலோ நிழல், உயிரோடிருக்கும் உடலுக்குச் சோறு போடுவது.

தமிழில் இவ்வரியை எடுத்துரைக்கும்போது நமக்கு ஒரு வாய்ப்புண்டு. புகைப்படத்தை நாம் நிழற்படம் என்றே வழங்குகின்றோம். 'மெய்' என்ற சொல்லோ உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் இரு சொற்களாகப் பிரிந்து நிற்கும் அவருடைய பெயரும் அவருடைய உடலும் தமிழில் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. இது மொழியின் தற்செயல் நிகழ்வேயன்றி அவர் எண்ணியதன்று. எனினும் அவ்வரியின் உட்பொருளை இத்தற்செயல் காட்டித் தருகின்றது.

ஒன்பது வயதில் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டொலருக்கு விற்கப்பட்டபோது பண்டமாயிருந்தது அவருடைய மெய். விலையைப் பெற்றவன் பிறன். அறுபதைக் கடந்த வயதில் அவரே விற்பவர். பண்டம் வெறும் நிழல். மெய் இனி விற்பனைக்கில்லை. சந்தைக்கு வெளியே சென்று விடுதலை பெறும் வழி எதுவும் அப்பெண்ணுக்கு இருக்கவில்லை. அவர் செய்தது, சந்தையில் எது பண்டமாகலாம் எது ஆகக்கூடாது என்ற எல்லையைத் தாமே வரைந்தது. இதனை முதலாளித்துவத்தோடு சமரசம் என்று ஒதுக்குபவர், மனித உடலே பண்டமாயிருந்த சமூகத்தில் அவ்வெல்லைக்கோட்டின் பெறுமதியை உணராதவராவர்.

படங்களை விற்ற பணத்தில் அவர் ஓய்வெடுத்தாரல்லர். 1864 ஒக்ரோபர் 29ஆம் திகதி லிங்கனைச் சந்தித்தார். 1865இல் வாசிங்ரன் நகரின் குதிரைத் திராம் வண்டிகளிற் சமமாக ஏறும் உரிமைக்குப் போராடி, தோளைக் காயப்படுத்திய நடத்துநர் ஒருவரைக் கைதாக்குவித்தார். 1867இல் நியூயோர்க்கிற் கூடிய சம உரிமைச் சங்கக் கூட்டத்தில், கறுப்பின ஆண்களின் உரிமை பற்றிப் பேசுவோர் கறுப்பினப் பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமையைச் சுட்டினார். 1870களில் விடுதலை பெற்றோருக்கு மேற்கே நிலம் வழங்கக் கோரி மனுவுடன் அலைந்தார், அது நிறைவேறவில்லை. 1872இல் வாக்களிக்கச் சென்று திருப்பியனுப்பப்பட்டார்.

அவர் இறந்து பத்தாண்டுகளின் பின், 1893இல், ஓவியர் ஒருவர் அவரும் லிங்கனும் ஒரு விவிலியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணெய் ஓவியம் தீட்டினார். அது சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. மூல ஓவியம் 1902இன் தீவிபத்தில் அழிந்தபோதும் அதன் பிரதிகள் மிகப் பரவின. அவற்றை உண்மையான புகைப்படம் என எண்ணியோரும் உளர். சனாதிபதியின் அருகில் நின்றாற்றான் ஒரு கறுப்பினப் பெண் நினைவுகூரத்தக்கவள் என்ற எண்ணம் அவ்வோவியத்திலே தொழிற்படுகின்றது. 2020இல் நியூயோர்க் மத்திய பூங்காவில் நிறுவப்பட்ட பெண் உரிமை முன்னோடிகளின் சிலையிலும் முதலில் இரு வெள்ளையினப் பெண்களே இருந்தனர். கண்டனத்தின் பின்னரே ட்ரூத் சேர்க்கப்பட்டார். அருகில் யாருமின்றி அவர் அமர்ந்திருக்கும் அந்தச் சிற்றட்டையை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முற்றிலும் தனியே என்று சொல்வதும் சரியன்று. 1863க்குரிய ஒரு படத்தில் அவர் பின்னல் பின்னவில்லை. மடியிலே திறந்த சிறு படப்பேழை ஒன்றை வைத்திருக்கின்றார். அது அவருடைய பேரன் யேம்ஸ் கால்ட்வெலின் படமென்று ஆய்வாளர் கருதுவர். மசசூசெற்ஸ் 54ஆம் கறுப்பினப் படைப்பிரிவிற் சேர்ந்த அவன், அவ்வாண்டு யூலையில் தென் கரோலைனாவிற் சிறைப்பட்டான். பிடிபட்ட கறுப்பினப் போர்வீரரைத் தென்படையினர் கொல்லக்கூடும், அடிமைகளாக விற்கவும் கூடும் என்ற அச்சம் அப்போது எங்கும் நிலவியது. அப்படத்தை வாங்கியவர்கள் ஒரு நிழலுக்குள் மற்றொரு நிழலையும் சேர்த்தே வாங்கிச் சென்றனர். அவ்விரண்டாவது நிழலுக்குரிய மெய் எங்கேயிருந்தது என்பது விற்றவருக்கும் அப்பொழுது தெரியாது.